முந்தி வந்தவர் யார் என்பதன்று வழக்கு

(திருகோணமலையில் கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியதன்று. திருகோணமலை மாவட்டத்திலே காணி யாருக்கு, தண்ணீர் யாருக்கு, துறைமுகம் யாருக்கு என்ற கேள்வி எழும்போதெல்லாம், விடை வரவேண்டிய இடத்தில் வேறொரு கேள்வி வந்து அமர்ந்துகொள்கிறது. "இங்கே முந்தி வந்தவர் யார்?" என்பதே அது. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு மூன்று தலைமுறைகள் கழிந்தன. அதற்குள்ளே காணி கைமாறிவிட்டது. மடை பூட்டப்பட்டுப் போரும் மூண்டு ஓய்ந்தது. துறைமுகத்து எண்ணெய்க் குதங்கள் பங்கிடப்பட்டுவிட்டன. கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

நீதிமன்றத்திலே காணி வழக்கொன்று வந்தால் என்ன நடக்கும் என்பதைக் கமக்காரர்களாகிய உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வழக்காளி தன் பாட்டன் பெயரைச் சொல்வான். எதிராளி தன் பூட்டன் பெயரைச் சொல்வான். நீதிபதி இரண்டையும் கேட்டுக்கொள்வார். பின்பு உறுதி எங்கே, எல்லை எங்கே, ஆட்சி யார் கையில், எத்தனை ஆண்டாக என்று கேட்பார். ஒரு திறத்தாரைக் கேளாமல் தீர்ப்பெழுதினால் அத்தீர்ப்பு மேன்முறையீட்டில் நில்லாது. இம்மாவட்டத்தின் பெருவழக்கிலோ, வழக்காளியே நீதிபதியாகவும் அமர்ந்து, தீர்ப்பை நிறைவேற்றும் பிஸ்காலாகவும் வந்து நிற்கும் விந்தையைக் கண்டோம். ஆகவே, யார் முந்தியவர் என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, தீர்மானிப்பவர் யார், எந்த விதியின்படி, யாரைக் கேட்டபின் என்ற மூன்று வினாக்களையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மூன்று சத்தியக்கடதாசிகள்

முதலிலே சிங்கள மக்கள் சொல்லும் வரலாற்றைக் கேட்போம். எதிர்த்திறத்தின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்துரைக்க இயலாதவன் தன் வாதத்தையும் அறியாதவன் என்பது எம் தொழிலின் பாலபாடம். அவர்கள் கூறுவது இது: அநுராதபுரத்து மன்னர்கள் ஆண்ட காலத்தில் இது அவர்களுடைய கீழைத் துறைமுகம். பாளி நூல்கள் கூறும் கோகண்ணம் இதுவே. கந்தளாய்ப் பெருங்குளம் அம்மன்னர்களின் ஆக்கம். திரியாயிலும் சேருவிலவிலும் விகாரைகள் இருந்தன. காடு மூடிய குளத்தைத் தேடி வருவது மூதாதையர் வீட்டுக்கு மீளுவதேயன்றிப் பிறர் வீட்டுக்குள் நுழைவதாகாது. இதனோடு மெய்யான துயரம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைநாட்டுக் கிராமத்தவரின் காட்டையும் சேனையையும் முடிக்குரியனவாக்கித் தோட்டத்துரைமாருக்கு விற்க வழி செய்தது. அவ்வாறு நிலமிழந்த குடியானவர்களின் வழித்தோன்றல்கள் பலரே பின்னாளில் மூட்டை முடிச்சோடு குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தார்கள். அவர்கள் படையெடுத்து வந்தவர்கள் அல்லர், காணியற்ற ஏழைகள்.

தமிழ் மக்கள் கூறுவது நீங்கள் அறிந்ததே. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயம் இம்மண்ணிலே நின்றது. 1624 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் அதனை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோயினர். குளக்கோட்டன் ஆலயத்தைத் திருத்திக் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்து, தானத்தாரையும் வரிப்பற்றாரையும் குடியமர்த்திக் கடமைகளை வகுத்தான் என்று கோணேசர் கல்வெட்டு கூறுகிறது. கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் ஆகிய பற்றுகளிலே வயலும் கோயிலும் ஒன்றோடொன்று பிணைந்த ஊர்வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 1881 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இம்மாவட்டத்தில் சிங்களவர் நூற்றுக்கு 4 பேர் அளவினர். 1981 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். ஒரு நூற்றாண்டில் இம்மாற்றம் தானாக நிகழவில்லை; அரசாங்கத்தின் திட்டத்தால் நிகழ்ந்தது என்பது எம்மவர் முறைப்பாடு.

முஸ்லிம் மக்களின் சத்தியக்கடதாசியை இரு திறத்தாரும் அடிக்கடி வாசிக்க மறந்துவிடுகிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் புல்மோட்டையிலும் வயல் செய்து, கடல் தொழில் செய்து, மந்தை மேய்த்து, வணிகம் புரிந்து வாழ்ந்த மக்கள் அவர்கள். பேசுவது தமிழ். 2012 ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40, தமிழர் 31, சிங்களவர் 27 என்ற அளவினர். "மேடையிலே தமிழ் பேசும் மக்கள் என்று எம்மைச் சேர்த்துக்கொள்கிறீர்கள், பங்கிடும் வேளையில் எமது இடம் எங்கே?" என்று அவர்கள் கேட்கிறார்கள். 1987 ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் இரு அரசாங்கங்கள் வடக்கையும் கிழக்கையும் இணைக்க முடிவு செய்தபோது அவர்களைக் கேட்டவர் இல்லை. 1990 இல் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை இங்குள்ள முஸ்லிம்கள் மறக்கவில்லை. அவர்களுடைய ஐயத்தைப் பகைமை என்று தள்ளிவிடுவோர் அவர்கள் பட்டதை அறியாதவர்.

இம்மூன்று திறத்தாரையும் விட, சத்தியக்கடதாசி எதுவுமே கொடாமல் காரியத்தை முடித்துக்கொண்டவர் வேறொருவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்த கடல் வல்லரசுகளுக்கு ஊரும் வயலும் கண்ணில் படவேயில்லை. அவர்கள் கண்டது ஆழமான குடாவை மட்டுமே.

கல்லின் சாட்சியம்

வரலாற்றை ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் காணி உறுதியாகவே வாசிக்கிறார்கள். ஆனால், இம்மாவட்டத்துக் கற்கள் அப்படி வாசிக்க இடங்கொடுப்பவை அல்ல. இரண்டு சான்றுகளை மட்டும் காட்டுவோம்.

கந்தளாய்க்கு அண்மையில் உள்ள பாலமோட்டையில் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. அங்கே இருந்த சிவன் கோயிலுக்கு ஒரு பிராமணப் பெண் கொடுத்த தானத்தை அது கூறுகிறது; அத்தானம் வேளைக்காரப் படையின் காவலில் விடப்பட்டது. அந்தச் சிவன் கோயிலின் பெயர் விசயராச ஈசுவரம். ஊரின் பெயர் விசயராச சதுர்வேதிமங்கலம். யார் இந்த விசயராசன்? சோழரை இந்நாட்டிலிருந்து வெளியேற்றிய முதலாம் விசயபாகு மன்னனே. சிங்கள பௌத்த மன்னனின் பெயரைச் சிவன் கோயில் தாங்கி நின்றது.

இதே மாவட்டத்தில், பெரியகுளத்தின் அருகே வெல்கம் விகாரை இருக்கிறது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் அதனை இராசராசப் பெரும்பள்ளி என்று குறிக்கின்றன. தஞ்சையிலே பெருங்கோயில் எடுத்த சோழ மன்னனின் பெயரைப் பௌத்தப் பள்ளி தாங்கி நின்றது. அங்கே விளக்குக்கும் பசுவுக்கும் தானம் எழுதியவர்கள் தமிழ் பேசிய பௌத்தர்கள். சோழர் ஆட்சிக் காலத்தில் அந்தப் பள்ளி அழிக்கப்படவில்லை, பேணப்பட்டது.

அன்பர்களே, இவ்விரண்டு கல்லையும் எந்தத் திறத்தார் தம் தனியுறுதியாகப் பதிவு செய்ய முடியும்? பௌத்தச் சின்னம் கிடைத்த இடமெல்லாம் சிங்களக் காணி என்றால், இராசராசப் பெரும்பள்ளியில் தமிழில் தானம் எழுதியவர்கள் யார்? சைவச் சின்னம் கிடைத்த இடமெல்லாம் தமிழர் ஆட்சிக்கே சான்று என்றால், விசயராச ஈசுவரத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? சமயம் வேறு, மொழி வேறு, ஆட்சி வேறு, காணியுரிமை வேறு என்று அக்காலத்தவர் பிரித்தறிந்து வாழ்ந்ததை இந்தக் கற்கள் எமக்குக் காட்டுகின்றன.

இத்தகைய கற்களைப் பேணுவதற்கு எல்லா மொழிக் கல்வெட்டுகளையும் வாசிக்க வல்ல அறிஞர் கூட வேண்டும். 2020 ஜூன் மாதத்தில் என்ன நடந்தது? கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையோராக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அச்செயலணியில், முதலில் நியமிக்கப்பட்டவர்களுள் தமிழர் ஒருவரும் இல்லை. முஸ்லிம் ஒருவரும் இல்லை. தமிழ்க் கல்வெட்டு நிறைந்த மாவட்டத்தின் தொல்பொருளைத் தமிழ் வாசிப்பவர் இன்றி ஆராய முற்பட்டார்கள். கன்னியா வெந்நீரூற்றிலே எம் மக்கள் இறந்தோர்க்குக் கடன் செய்யும் இடத்தைக் குறித்து எழுந்த பிணக்கு 2019 இல் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. அங்கே பௌத்த மடத்தின் சிதைவு இருந்ததென்று கூறுவதாலேயே ஒருவருக்கும் தீங்கில்லை. அதைக் கூறும் உரிமை ஒருவருக்கே உண்டு, அவர் கூறியவுடன் மற்றவர் விலக வேண்டும் என்பதே தீங்கு.

காணியைப் பங்கிட்டவர் யார்?

இனிக் காணிக்கு வருவோம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழியே அரச காணியைக் குடியானவருக்குப் பகிரும் முறை வந்தது. சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளிலே கந்தளாயிலும் அல்லையிலும், பின்பு முதலிக்குளத்திலும் குடியேற்றங்கள் விரிந்தன. காடு வெட்டி, குளம் திருத்தி, காணியற்றவனுக்குக் காணி கொடுப்பது நற்செயல். அதனை எதிர்ப்பவர் எவருமில்லை. ஆனால், குளத்தருகே தலைமுறையாக வாழ்ந்து, குளம் திருத்தப்படுமென்று காத்திருந்த காணியற்ற தமிழனும் முஸ்லிமும் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டபோது எங்கே நின்றார்கள்? பட்டியலை எழுதிய கை கொழும்பில் இருந்தது. 1976 இல் சேருவில என்ற தனித் தேர்தல் தொகுதியும் வகுக்கப்பட்டபோது, காணிப் பங்கீடு எவ்வாறு வாக்குப் பங்கீடாக மாறும் என்பதை மாவட்டம் கண்டுகொண்டது.

1956 ஆகஸ்டில் இதே திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு முன்வைத்த கோரிக்கைகளுள் குடியேற்றமும் ஒன்றாயிருந்தது இதனாலேயே. அடுத்த ஆண்டு ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகம் அவர்களும் செய்த ஒப்பந்தம், காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க இசைந்தது. 1958 ஏப்ரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி சேனாநாயக்காவுடன் செய்த ஒப்பந்தம் வரிசையை வகுத்தது: முதலில் மாவட்டத்துக் காணியற்றோர், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், அதன்பின் ஏனைய குடிமக்கள். அதுவும் நிறைவேறவில்லை.

இவ்விரு ஒப்பந்தங்களிலும் சிங்களவன் வரக்கூடாது என்ற வாசகம் கிடையாது. உள்ளூர்க் காணியற்றவன் முதலில், தெரிவு செய்வோர் உள்ளூரவர் என்ற இரண்டே விதிகள். இவ்விதிகளைக் கண்டியிலோ மாத்தறையிலோ எந்தக் கிராமத்தவனிடம் சொன்னாலும் அவன் நியாயமென்றே ஒப்புவான். தன் ஊர்க் குளத்து நீரில் தன் ஊரவனுக்கு முதலிடம் கேட்பது எந்த இனத்துக்கும் பொதுவான வழக்கு.

ஒரு மடை மூடியபோது

தண்ணீரின் கதை இன்னும் கொடியது. 2006 ஜூலையில் மாவிலாற்று மடை மூடப்பட்டது. மடை இருந்த இடம் விடுதலைப் புலிகளின் கையில். அதன் நீர் பாய்ந்த வயல்களிற் பெரும்பகுதி அரசாங்கத்தின் ஆட்சியில். சுமார் 15,000 குடும்பங்களுக்கு நீர் நின்றுபோயிற்று என்று அப்போது கூறப்பட்டது. அவர்களிலே சிங்களவர் இருந்தனர், முஸ்லிம்கள் இருந்தனர், தமிழரும் இருந்தனர். மடையை மூடியோர், தம் பக்கத்து மக்களுக்கு வாக்களித்த நீர்த்திட்டம் நிறைவேறவில்லை என்று காரணம் கூறினர். அரசாங்கமோ சில நாட்களில் வான்வழிக் குண்டுகளால் மறுமொழி கூறியது. மூதூர் நகரத்து முஸ்லிம்கள் ஓடினர். சம்பூர், ஈச்சிலம்பற்றுத் தமிழர் ஓடினர். 2009 மே வரை நீண்ட இறுதிப்போரின் முதற்களம் அதுவாயிற்று.

குறை இருந்தது மெய். குறைக்கு மருந்தாகக் கமக்காரனின் வாய்க்காலை அடைத்தது எந்த நியாயத்திலும் சேராது. வாய்க்காலைத் திறப்பதற்கென்று ஊரையே காலி செய்ததும் நியாயமன்று. இரு படையினரும் செய்யாத காரியம் ஒன்றுண்டு. மடையின் மேற்பக்கத்தாரையும் கீழ்ப்பக்கத்தாரையும் ஓரிடத்தில் இருத்தி, உங்களுக்கு எத்தனை நாள் நீர் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

அவ்வாறு கேட்கும் மரபு எமக்குப் புதியதா? ஒவ்வொரு போகத்துக்கும் முன்னே நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். குளத்திலே எத்தனை அடி நீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் செய்யலாம், முதல் நீர் எந்த நாளில், வாய்க்கால் துப்புரவு யார் பொறுப்பு என்றே அங்கே பேச்சு. நீர் பற்றாத சிறுபோகத்தில் பெத்ம என்று சிங்களக் கமக்காரர் வழங்கும் முறையொன்று உண்டு. குளத்தை அண்டிய வயலை மட்டும் அந்தப் போகத்துக்கு விதைப்பார்கள். ஆனால் கடைமடைக் காணிக்காரனுக்கும் அதிலே தற்காலிகப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். அந்த வேளையில் தலைமடைக்காரன், "என் பாட்டன் முந்தி வந்தான், ஆகவே நீர் முழுவதும் எனக்கே" என்று சொல்ல இயலாது. நீர் குறைந்தால் குறையையும் பங்கிடு என்பதே அதன் நீதி. அரசியலமைப்பு வல்லுநர் பலர் எழுதிய ஏடுகளைக் காட்டிலும் இவ்வேழைக் கமக்காரரின் வழக்கம் எமக்கு நல்ல வழிகாட்டி.

1986 ஏப்ரல் 20 ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளத்தைக் கட்டியவன் எந்த மன்னன் என்று அன்றிரவு எவரும் வாதிடவில்லை. கட்டைப் பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே அன்று உயிர்நாடியான கேள்வி. இன்றைக்கும் அதுவே.

துறைமுகத்துக்கு யார் உரியவர்?

துறைமுகத்தின் செய்தியும் அத்தகையதே. 1957 அக்டோபரில் ஆங்கிலக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. கொடி மாறியது. தீர்மானிக்கும் இடம் கடலுக்கு அப்பாலிருந்து கொழும்புக்கு வந்ததேயன்றித் திருகோணமலைக்கு வரவில்லை. சீனன்குடாவை அடுத்த எண்ணெய்க் குதங்கள் 99. 2022 ஜனவரியில் அவை பங்கிடப்பட்டன: 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. குதங்களின் கணக்கு இம்மியும் பிசகாமல் இருந்தது. குடாவிலே வலை வீசும் மீனவனுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் என்ன பங்கு என்று கேட்டால், அக்கணக்கிலே அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

சம்பூரைப் பாருங்கள். 2006 இல் ஓடிய மக்கள் முகாம்களில் இருக்க, அவர்களின் ஊர் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்பு கைத்தொழில் வலயமாயிற்று. நிலக்கரி மின் நிலையத்துக்கும் இடம் குறிக்கப்பட்டது. 2015 இல் 818 ஏக்கரை மக்களுக்கு மீட்டுத்தர அரசாங்கம் முன்வந்தது. 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தகரக் கொட்டிலில் வளர்ந்தனர். மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் மின்சாரம் வேண்டும் என்பதற்கும், நிலத்துக்குடையவனைக் கேட்க வேண்டியதில்லை என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

"ஒப்பந்தங்கள் கிழிந்தன, இனிச் சட்டத்தைப் பேசி என்ன பயன்?" என்று கேட்பீர்கள். கிழிந்த ஒப்பந்தங்களுக்கும் கிழியாமல் கிடக்கும் சட்டத்துக்கும் வேற்றுமை உண்டு. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் நாட்டின் அரசியலமைப்பிலே எழுதப்பட்டுவிட்டது. அதன் காணிப் பின்னிணைப்பை நாம் கருத்தூன்றி வாசிக்க வேண்டும். மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசனத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்தல் மாகாண சபைக்குரியது என்கிறது. நாட்டின் இன விகிதத்தைக் கணக்கிலெடுக்கச் சொல்கிறது. அதே வேளையில், திட்டத்தால் இடம்பெயர்ந்தோர், மாவட்டத்துக் காணியற்றோர், மாகாணத்துக் காணியற்றோர் என்ற வரிசையில் முதலிடம் கொடுக்கச் சொல்கிறது. மாகாணத்தின் குடிப்பரம்பல் பெரிதும் குலையாதவாறு இயன்ற அளவு பங்கிடவும் சொல்கிறது. அரச காணி பற்றிய பொதுக்கொள்கையை வகுக்க எல்லா மாகாண சபைகளின் பிரதிநிதிகளும் அமரும் தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்கவும் சொல்கிறது.

1957 இலும் 1965 இலும் வாய்ச்சொல்லாய் இருந்தவற்றின் சாரம் 1987 இல் சட்டமாயிற்று. பின்பு என்ன நடந்தது? பல பதின் ஆண்டுகள் கழிந்தும் தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. 2013 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணி மத்தியின் பிடியிலேயே இருக்கிறதென்று விளக்கம் கொடுத்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்தது. அடுத்த தேர்தலின்றியே ஆண்டுகள் ஓடின. தெரிவு செய்ய வேண்டிய சபை இல்லை. கொள்கை வகுக்க வேண்டிய ஆணைக்குழு இல்லை. ஆனால் காணி மட்டும் வர்த்தமானி அறிவித்தலால் இன்று வனம், நாளை தொல்பொருள், மறுநாள் அபிவிருத்தி என்று பெயர் மாறிக்கொண்டே போயிற்று. போர்க்காலத்தில் உழாமல் விட்ட வயலிலே காடு வளர்ந்தது. வளர்ந்த காட்டைக் காட்டி வயலை வனமென்று எழுதினர். விளக்கை அணைத்துவிட்டுக் கணக்கெழுதிய கதை இது.

மூன்று ஆட்சேபங்கள்

நாம் கூறுவதற்கு எதிராக மூன்று ஆட்சேபங்கள் எழலாம்.

முதலாவது: "வரலாற்றை மறந்துவிடச் சொல்கிறீர்களா?" இல்லை. கோணேசர் கோயிலின் இடிபாட்டை மறக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வரலாறு ஒரு மக்கள் கூட்டத்தின் மானம். அது நீதிமன்றத்திலே சாட்சி சொல்லலாம். சாட்சியே நீதிபதியின் ஆசனத்தில் ஏறக்கூடாது என்பது மட்டுமே எம் வாதம். அந்தக் கட்டுப்பாடு சிங்களவருக்கு உண்டென்றால் எமக்கும் உண்டு.

இரண்டாவது: "கந்தளாயிலே பிறந்து வளர்ந்த சிங்களக் கமக்காரனின் பேரனை என்ன செய்வீர்கள்?" அவனுக்கு ஒரு தீங்கும் செய்யோம். பாட்டனைக் குடியேற்றிய முறை தவறென்பதால் பேரன் தன் வீட்டில் அந்நியனாக மாட்டான். நீடித்த ஆட்சியை மதிக்காத சட்டம் உலகில் எங்குமில்லை. இனி வரும் பங்கீடு எந்த விதியால் நடக்கும் என்பதையே நாம் பேசுகிறோம். அவ்விதி அவனுடைய காணியற்ற பிள்ளைகளையும் மாவட்டத்தவர் என்றே கொள்ளும்.

மூன்றாவது ஆட்சேபம் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும்: "கொழும்பின் கையிலுள்ள பேனா உங்கள் கைக்கு வந்தால், எங்கள் பெயரைப் பட்டியலில் எழுதுவீர்கள் என்பதற்கு உத்தரவாதம் என்ன?" இதுவே மிகக் கனமான ஆட்சேபம். வாய்ச்சொல் இதற்கு விடையாகாது. பட்டியல் எழுதும் குழுவில் மூவினத்தாருக்கும் இடம். எழுதிய பட்டியலைப் பகிரங்கமாகத் தொங்கவிடல். மனக்குறையுடையோர் மாவட்டத்திலேயே முறையிடும் வழி ஆகிய மூன்றும் சட்டத்தில் ஏற வேண்டும். கிழக்கு மாகாணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதேசங்கள் அமையலாம் என்று 1957 ஒப்பந்தமே இடம் வைத்தது. அதிகாரத்தைக் கொழும்பிடமிருந்து கேட்பவர், தமக்குக் கிடைக்கும் அதிகாரத்தை அண்டை வீட்டாரோடு பங்கிடவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அந்த ஆயத்தம் இல்லையானால் எம் வழக்கு கொழும்பிலே தோற்குமுன் மூதூரிலேயே தோற்றுவிடும்.

செய்ய வேண்டியவை

கைதட்டிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. கமக்காரர்களுக்கு முதற்கடமை, காணிப் பத்திரங்களைத் திரட்டுதல். போரிலே உறுதி எரிந்திருந்தால் காணிப் பதிவகத்திலே பிரதி தேடுங்கள். அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவேட்டைக் கேளுங்கள். எல்லை மரம், வாய்க்கால், வரம்பு இவற்றை முதியோர் உயிரோடிருக்கும்போதே சத்தியக்கடதாசியாக எழுதி வையுங்கள். நீதிமன்றத்தில் கண்ணீர் சான்றாகாது, கடதாசி சான்றாகும்.

படித்தவர்களுக்கு இரண்டாம் கடமை. வர்த்தமானியில் இம்மாவட்டக் காணி குறித்து வரும் ஒவ்வோர் அறிவித்தலையும் வாசித்து, ஆட்சேபம் கொடுக்கும் நாள் கழியுமுன் ஊருக்கு அறிவியுங்கள். பொறியியலாளர்கள் குளத்து நீரின் அளவையும் திறந்துவிடும் நீரின் அளவையும் இரு மொழியிலும் மடையருகே எழுதி வைக்க வழி செய்யுங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளை வெல்கம் விகாரைக்கு அழைத்துச் சென்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டை வாசிக்கக் கற்பியுங்கள். சிங்களப் பாடசாலை ஆசிரியர் ஒருவரையும் உடன் அழையுங்கள்.

மூன்றாம் கடமை எல்லாருக்கும் பொது. வாய்க்கால் ஒன்றாயிருக்கும் இடத்திலே கமக்காரர் சங்கமும் ஒன்றாயிருக்கட்டும். முதலில் முஸ்லிம் ஊர்களோடு அமருங்கள்; அடுத்து சிங்கள ஊர்களோடு அமருங்கள். தேசிய காணி ஆணைக்குழுவை அமையுங்கள், மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள், மாவட்டத்துக் காணியற்றோர்க்கு முதலிடம் தாருங்கள் என்ற மூன்று கோரிக்கைகளையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதி மூவினத்துக் கமக்காரரும் கையெழுத்திடுங்கள். தமிழர் மட்டும் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைப் பிரிவினை என்று பெயர் சூட்டி ஒதுக்குவது ஆட்சியாளர்க்கு எளிது. சேருவிலவும் கிண்ணியாவும் தம்பலகாமமும் ஒருங்கே கையெழுத்திட்ட விண்ணப்பத்துக்கு அவர்கள் எந்தப் பெயரைச் சூட்டுவார்கள் என்று பார்ப்போம்.

அடுத்த போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் அண்மையில் வரவிருக்கிறது. அங்கே உங்கள் அருகில் அமரப்போகும் மற்ற ஊர்க் கமக்காரனிடம் இவ்விண்ணப்பத்தைப் பற்றி முதலில் பேசுங்கள். அவன் தன் பாட்டனின் கதையைச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்; உங்கள் பாட்டனின் கதையையும் சொல்லுங்கள். கேட்டு முடித்தபின், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறதென்று இருவருமாகப் போய்ப் பாருங்கள்.